படிப்புக்குக் கொடுத்தோம், பயிற்சிக்குக் கொடுத்தோமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் திருவிழாவைப் பற்றியோ விரத மகிமையைப் பற்றியோ எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இவ்வாண்டு ஒரு பழைய கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், நான் ஆலயக் குழுவின் செயலாளராக இருந்தபோது வந்த கடிதம் அது. கோடு போட்ட நோட்டுத்தாளில் அழகான தமிழ்க் கையெழுத்தில் இரண்டு பக்கம். இன்றும் என் கோப்பில் இருக்கிறது.

எழுதியவர் இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் பிறந்த பெண். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பம் கமுந்திங்கிற்கு வந்து மலிவு வீட்டில் குடியேறியது. தாயார் தொழிற்சாலையில் வேலை செய்து மகளை ஒரு தனியார் கல்லூரியில் உடற்பயிற்சி மருத்துவம், அதாவது பிசியோதெரபி, டிப்ளோமா படிக்க வைத்தார். நம் ஆலயக் கல்வி நிதியிலிருந்து அவருக்குக் கட்டண உதவியும் கிடைத்தது. பரிசளிப்பு விழாவில் தலைவர் கையால் காசோலை வாங்கிய படம் அந்த ஆண்டு மலரில் வெளிவந்தது.

படிப்பின் கடைசிக் கட்டத்தில் நான்கு மாதம் ஈப்போவிலுள்ள ஒரு மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். சம்பளம் கிடையாது. தங்குவதற்கு அறை வாடகையும் பேருந்துக் கட்டணமும் இல்லாமல் தவிப்பதாகவும், 1,200 ரிங்கிட் உதவினால் முடித்துவிட்டு வேலை கிடைத்ததும் திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தார்.

குழு கூடிப் பேசியது. விதியை எடுத்துப் பார்த்தோம். "கல்வி நிதி கல்லூரிக் கட்டணத்திற்கு மட்டுமே, கட்டணச் சீட்டின் பேரில் வழங்கப்படும்" என்று இருந்தது. அறை வாடகைக்கு எந்தக் கல்லூரியும் சீட்டுத் தருவதில்லை. ஆகவே வருத்தத்துடன் மறுத்துப் பதில் எழுதினோம். எழுதியவன் நான். எழுத்துப் பிழை இல்லாத, மரியாதையான கடிதம். அன்று அதில் எனக்குச் சிறு திருப்திகூட இருந்தது. விதியைக் காத்துவிட்டோம் அல்லவா!

சில ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தியில் அந்தப் பெண்ணைக் கண்டேன். சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார்.

"எந்த ஆசுபத்திரியிலம்மா வேலை?" என்று கேட்டேன்.

"படிப்ப முடிக்கல சார். ஃபேக்டரியில இருக்கேன்" என்றார்.

பிறகு விவரம் சொன்னார். அறை எடுக்க வழியில்லாமல் கமுந்திங் ராயா பேருந்து நிலையத்திலிருந்து தினமும் ஈப்போவுக்குப் போய்வரத் துணிந்திருக்கிறார். காலைப் பணிக்குப் பலமுறை தாமதம். மூன்றாவது வாரம் கையில் காசு தீர்ந்தது. அடுத்த பருவத்தில் மறுபடியும் செய்யலாம் என்றார்கள். அதற்கு மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குள் தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் குறை கூறவில்லை. "சாம்பார் ஊத்தட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அன்பர்களே, இரண்டரை ஆண்டுக் கட்டணம் கொடுத்த நாம், நான்கு மாதப் பேருந்துக் காசு கொடுக்காமல் அவ்வளவையும் வீணாக்கினோம். இதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சம்பளமில்லாப் பயிற்சி என்றால் என்ன?

மருத்துவம், தாதிமை, உடற்பயிற்சி மருத்துவம், மருத்துவ ஆய்வுக்கூடத் துறை, கதிர்ப்படத் துறை போன்ற படிப்புகளைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மட்டும் முடிக்க முடியாது. நோயாளியின் படுக்கை அருகே நின்று கற்க வேண்டும். உயிரியல், வேதியியல் படிக்கும் மாணவர்களும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்திலோ, தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ, நம் ஊருக்கு அருகிலுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு போன்ற இடத்திலோ சில வாரங்கள் முதல் ஆறு மாதம் வரை இருந்து பழக வேண்டும். பிள்ளைகள் இதனைப் 'பிராக்டிக்கல்' என்பார்கள். இது விருப்பப்பாடம் அல்ல. இதை முடிக்காதவருக்குச் சான்றிதழ் இல்லை.

இங்கே நம்மவர்கள் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. "டாக்டர்களுக்குப் பயிற்சியில் சம்பளம் கொடுக்கிறார்களே!" என்பார்கள். உண்மைதான். பட்டம் பெற்ற மருத்துவர் அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தால் சம்பளம் பெறுகிறார். 2008ஆம் ஆண்டு முதல் அந்தப் பயிற்சி ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக நீட்டிக்கப்பட்டது. பட்டம் பெற்ற மருந்தாளர்களின் ஓராண்டுப் பயிற்சிக்கும் ஊதியம் உண்டு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் சேரும் தாதி மாணவர்களுக்கும் மற்றப் பயிற்சியாளர்களுக்கும் மாத உதவித்தொகை உண்டு.

நான் பேசுவது இவர்களைப் பற்றி அன்று. தனியார் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும்போதே, படிப்பின் ஒரு பகுதியாகப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களைப் பற்றி. இவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் அல்லர், கற்க வந்தவர்கள். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் இவர்களைச் சேராது. சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஒரு தொகை கொடுக்கின்றன, அவர்களை வாழ்த்துவோம். ஆனால் நோயாளிகளோடு பழகும் துறைகளில் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. கல்லூரிக் கட்டணமோ அந்த மாதங்களிலும் நின்றபாடில்லை.

உயர்கல்விக் கடன் இருக்கிறதே என்று கேட்கலாம். 1997இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கடனால் எத்தனையோ நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் தனியார் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கடனின் பெரும்பகுதி கட்டணத்துக்கே போய்விடும். மீதியைக் கொண்டு வேறு ஊரில் அறை எடுத்துத் தங்குவது எளிதன்று.

ஒரு கணக்கு

கணக்குப் போடாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகல்ல. கமுந்திங்கிலிருந்து ஈப்போவுக்குப் பயிற்சிக்குப் போகும் ஒரு மாணவிக்கு இன்று என்ன செலவாகும்? இது நான் போட்ட உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர் சற்றுக் கூடும், குறையும்.

பிறரோடு பகிர்ந்துகொள்ளும் அறைக்கு மாதம் 250 ரிங்கிட். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 15 ரிங்கிட் என்றால் மாதம் 450. உள்ளூர்ப் பேருந்துக்கும், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகவும் 100. கைப்பேசி, நகலெடுப்பு, பயிற்சி அறிக்கை இவற்றுக்கு 50. ஆக மாதம் 850. நான்கு மாதத்திற்கு 3,400.

இதற்கு மேல், தொடங்கும்போதே ஆகும் செலவு உண்டு: அறைக்கு முன்பணம், சீருடை, நாள் முழுதும் நிற்பதற்கேற்ற காலணி, மஞ்சட்காமாலைத் தடுப்பூசி போன்றவை. இவற்றுக்கு 600 வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 ரிங்கிட்.

வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அம்மா ஆக்கும் குழம்பில் ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றுவதும், வெளியூரில் மூன்று வேளையும் கடையில் காசு கொடுத்து உண்பதும் ஒன்றல்ல.

இத்தோடு கணக்கு முடியவில்லை. பெற்றோரும் கொடையாளர்களும் பார்க்கத் தவறுகிற ஒரு வரி இன்னும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் சனி, ஞாயிறுகளில் கடையிலோ உணவகத்திலோ வேலை செய்து தம் கைச்செலவைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு 8 ரிங்கிட் வீதம், வாரம் 16 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 128, மாதத்துக்கு 512. பயிற்சி தொடங்கியதும் வாரம் முழுதும் வேலை; சில துறைகளில் இரவுப் பணியும் ஞாயிற்றுப் பணியும் உண்டு. பகுதிநேர வேலையை விட்டுவிட வேண்டியதுதான். நான்கு மாதத்தில் 2,048 ரிங்கிட் வரவு நின்றுபோகிறது.

செலவு 4,000, நின்ற வரவு 2,048. இரண்டையும் கூட்டினால் 6,000 ரிங்கிட்டுக்கு மேல் பள்ளம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளம் இருப்பதையே அறியாமல் தாண்டிவிடுகிறது. தோட்டத்து வீட்டுப் பிள்ளை அதில் விழுகிறது. இருவருக்கும் புத்தி ஒன்றுதான், மதிப்பெண்ணும் ஒன்றுதான். நாம் பின்னால் நின்று, "பொறுப்பில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாள்" என்று பேசுகிறோம்.

உலகம் கற்ற பாடம்

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. ஆஸ்திரேலியாவில் தாதிமை, பேறுகாலத் தாதிமை, ஆசிரியம், சமூகப்பணி ஆகிய துறைகளின் மாணவர்கள் கட்டாயப் பயிற்சிக் காலத்தில் வறுமையில் தள்ளப்படுகிறார்கள் என்ற குரல் நெடுநாள் ஒலித்தது. 2025 ஜூலை 1 முதல் அந்நாட்டு அரசாங்கம் தேவையுள்ள மாணவர்களுக்குப் பயிற்சி வாரங்களில் வாரத்துக்கு 300 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று அதிகமாக வழங்கத் தொடங்கியது. அது கட்டண உதவி அன்று. பயிற்சிக்கென்றே தனியாகக் கொடுக்கும் தொகை.

இங்கிலாந்தில் நடந்தது இன்னொரு பாடம். தாதி மாணவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை 2017இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிறுத்தி, கடன் வாங்கிப் படிக்கச் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகளில் மனம் மாறி, 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுன், திருப்பித் தர வேண்டாத உதவியாக மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். பணக்கார நாடுகளே இதைப் பட்டுத்தான் கற்றிருக்கின்றன.

நம் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கணித மேதை சீனிவாச ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தவறியவர். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் உதவித்தொகையை இழந்தார். வேலையும் இல்லை. அந்நிலையில், நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் என்பவரிடம் தம் நோட்டுப் புத்தகங்களோடு போய் நின்றார். பெயரும் புகழும் அவர் கேட்கவில்லை. கணக்கைத் தொடர்வதற்கு உயிர்வாழும் அளவுக்குச் சோறு கிடைத்தால் போதும் என்பதே அவர் விருப்பம். ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பிறகு 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துப் பயணம். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினர் என்ற பெருமை.

உலகம் கேம்பிரிட்ஜைப் பேசுகிறது. நான் அந்த 25 ரூபாயை நினைக்கிறேன். அது எந்தக் கட்டணத்துக்கும் கொடுத்த பணம் அல்ல. அதற்குச் சீட்டும் கிடையாது. நம் குழுவிடம் ராமானுஜன் விண்ணப்பித்திருந்தால், நான் அவருக்கும் மரியாதையாக ஒரு மறுப்புக் கடிதம் எழுதியிருப்பேன்.

கோயில்கள் காட்டிய வழி

"அறை வாடகையும் சாப்பாடும் கொடுப்பது ஆலயத்தின் வேலையா?" என்று அன்று குழுவில் ஒருவர் கேட்டார். கல்வெட்டுகள் இதற்கு விடை சொல்கின்றன.

விழுப்புரம் வட்டாரத்திலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரின் கோயிலில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர். அவர்களுள் இளையவர் 270, மூத்தவர் 70. ஆசிரியர் 14 பேர். அங்கே மாணவனிடம் கட்டணம் வாங்கவில்லை. மாணவனுக்கு நெல் அளந்தார்கள். இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி; மூத்தவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. மேற்படிப்புக்குப் போனவனுக்குத் தேவை கூடும் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்திற்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயில் வருமானத்திலிருந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் எட்டுக் காசும். அறுவை வைத்தியம் செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கும் தனித்தனியே படி எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சோறு மட்டுமா? சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெயும் இரவு விளக்குக்கு எண்ணெயும்கூடக் கணக்கில் ஏறியிருக்கின்றன.

அன்று அந்தக் கல்லூரிகளில் யார் படித்தார்கள், யாருக்குக் கதவு திறக்கவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. நம் முன்னோரில் பலருக்கு அந்தக் கதவு திறந்திராது. ஆனால் அவர்கள் கொடுத்த முறை நமக்குப் பாடம். கற்பவனுக்கும் வயிறு உண்டு, அவனுக்கும் இரவு உண்டு, அவன் தலைக்கும் எண்ணெய் வேண்டும் என்று நினைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் கட்டளை என்று பெயர். ஒருவர் ஒரு காரியத்தைக் குறித்து முதல் வைத்து, அதன் வருவாயில் அது தொடர்ந்து நடக்க ஏற்பாடு செய்வதே கட்டளை. நாம் பூமாலைக்கும் விளக்குக்கும் கட்டளை வைக்கிறோம். நோயாளியைத் தொட்டுத் தூக்கிவிடக் கற்கும் ஒரு பிள்ளைக்கு ஏன் வைக்கக்கூடாது?

நம் மண்ணில் நடந்தது

கொடுக்க வசதி வேண்டும் என்பார்கள். நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வரவிருந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். பால்மரம் வெட்டிய தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்தார். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் தோட்டங்களை வாங்கின. வாங்கியவர்கள் செல்வந்தர்கள் அல்லர். காலையில் கித்தா மரத்தடியில் நின்றவர்கள்.

என் தகப்பனாரும் அப்படி நின்றவர்தான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது அவரால் எனக்கு ஒரு காசும் அனுப்ப முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பயிற்சி ஆசிரியர்களுக்கு அரசாங்கம் மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தது. அதிலே சாப்பிட்டேன், அதிலே சட்டை தைத்தேன், மீதத்தில் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பினேன். நான் கெட்டிக்காரன் என்பதால் வாத்தியார் ஆகவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். பயிற்சிக் காலத்தில் எனக்கு யாரோ சோறு போட்டார்கள். ஆகவே நான் வாத்தியார் ஆனேன். இதை அறிந்த நானே அந்தப் பெண்ணுக்கு மறுப்பு எழுதினேன் என்பதை நினைக்கும்போதுதான் மனம் கூசுகிறது.

பயிற்சிக் கட்டளை: என் யோசனை

வரும் ஆண்டுக் கூட்டத்தில் 'பயிற்சிக் கட்டளை' என்ற பெயரில் ஒரு தனி நிதி அமைக்கும்படி தீர்மானம் முன்மொழியவிருக்கிறேன். இப்போதுள்ள கல்வி நிதியை அது தொடாது. அதன் விதிகள் இப்படி இருக்கலாம்.

முதலாவது, சுகாதாரம், அறிவியல் துறைகளில் படித்து, சான்றிதழுக்குக் கட்டாயமான, சம்பளமில்லாப் பயிற்சிக்குச் செல்லும் இவ்வட்டார மாணவர் எவரும் விண்ணப்பிக்கலாம். கல்லூரி தரும் பயிற்சிக் கடிதமே போதுமான அத்தாட்சி. வாடகைச் சீட்டு, சாப்பாட்டுச் சீட்டு என்று எதையும் கேட்கக்கூடாது.

இரண்டாவது, பணத்தை மாதந்தோறும், மாதம் பிறக்கும் முன்பே கொடுக்க வேண்டும். முன்பணமும் சீருடையும் முதல் நாளிலேயே தேவைப்படுபவை. பயிற்சி முடிந்த பிறகு விழா வைத்துக் கொடுக்கும் காசோலை, பந்தி முடிந்த பிறகு போடும் இலை.

மூன்றாவது, தூரத்தைப் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும். தைப்பிங்கில் பயிற்சி பெற்று வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குப் பேருந்துக் காசும் கைச்செலவும் போதும். ஈப்போவுக்கோ பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவருக்கு அறை வாடகையும் வேண்டும்.

நான்காவது, மேடை வேண்டாம், படம் வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைக்குத் தன்மானம் அதிகம். கேட்க வெட்கப்பட்டே பலர் படிப்பை விடுகிறார்கள். குழுவில் இருவர் மட்டும் அறிந்தால் போதும்.

ஐந்தாவது, திருப்பித் தரவேண்டும் என்ற ஒப்பந்தம் வேண்டாம். வேலை கிடைத்த பின் அவரே விரும்பி இன்னொருவருக்குக் கட்டளை வைத்தால் மகிழ்ச்சி.

சில கேள்விகளுக்கு விடை

"ஏமாற்றிவிட மாட்டார்களா?" நூறு பேரில் ஒருவர் ஏமாற்றலாம். அந்த ஒருவரைத் தடுப்பதற்காகத்தான் நாம் ஒரு விதியை எழுதி, ஏமாற்றாத ஒரு பெண்ணைத் தடுத்தோம். மாதந்தோறும் கொடுப்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. பயிற்சி நின்றால் பணமும் நின்றுவிடும். அப்படி நின்றால் ஏன் நின்றது என்று நேரில் போய் விசாரிப்பதும் நம் கடமை.

"வேலை வாங்குகிறவர்கள் அல்லவா கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. கொடுக்கக்கூடிய நிறுவனத்திடம் மாணவர் முதலில் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று நாமும் சொல்லித்தர வேண்டும். கல்லூரி விதிக்காத, சான்றிதழுக்குத் தேவைப்படாத இலவச வேலைக்கு நம் கட்டளை உதவக்கூடாது. உதவினால் நம் பக்தர்களின் காசு ஒரு முதலாளியின் சம்பளச் செலவை மிச்சப்படுத்தவே பயன்படும். ஆனால் அரசாங்கமும் நிறுவனங்களும் கொடுக்கும் நாள் வரும்வரை இந்த ஆண்டு பயிற்சிக்குப் போகும் பிள்ளை காத்திருக்க முடியாது.

"திருப்பணி இருக்கும்போது இது எதற்கு?" கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது அவசியமே. நானும் அதற்கு உபயம் தருகிறேன். ஆனால் வர்ணம் ஓராண்டு தாமதித்தால் கோபுரம் காத்து நிற்கும். பயிற்சிக்குக் கடிதம் வந்த பிள்ளைக்கு அந்தத் தேதி போனால் போனதுதான்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? மறுபடியும் கணக்குக்கு வருகிறேன். ஒரு மாணவிக்கு மாதம் 850 ரிங்கிட் என்றோம். 85 அன்பர்கள் ஆளுக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தால் 850. அன்று பால்மரம் வெட்டியவர் கொடுத்த அதே பத்து வெள்ளி! அன்றைய பத்து வெள்ளி அவருக்குப் பல நாள் உழைப்பு. இன்று நமக்கு அது ஒருவேளைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் கூட்டத்தில் 85 பேர் இல்லையா? ஆண்டில் நான்கு மாதம் ஒருவர் என்று வைத்தால், இந்த 85 பேரைக் கொண்டே ஆண்டுக்கு மூன்று பிள்ளைகள் பயிற்சியை முடிக்கலாம். தொடக்கச் செலவான 600 ரிங்கிட்டை, பிறந்தநாள், நினைவுநாள் உபயமாக ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம்.

முடிவாக

அன்னதானத்தின் மகிமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்தவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்டு நாம் சோறு போடுவதில்லை. அதே சோற்றைப் பயிற்சிக்குப் போன பிள்ளை இருக்கும் ஊருக்கு நான்கு மாதம் அனுப்பி வைப்போம் என்பதுதான் என் வேண்டுகோள். ஒருநாள் நமக்கே முழங்கால் மடங்காமல் போகும்; கை தூக்க முடியாமல் போகும். அன்று நம்மைப் பிடித்து நிறுத்தி நடக்கப் பழக்குபவர் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள், தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அறிவியல் பாடத்தில் கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டேன். இன்னும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அவளும் ஒரு பயிற்சிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக்கூடும். அப்போது நான் இருப்பேனோ என்னவோ. குழுவில் யார் செயலாளராக இருந்தாலும் அவர் மறுப்பு எழுத முடியாதபடி விதியை இப்போதே மாற்றி வைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

15 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் தவறு. இது என் திருத்திய பதில். தீர்மானத்தை ஆதரிக்க விரும்பும் அன்பர்கள் ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்னை அனைவருக்கும் நலம் அருள்வாளாக.